ஏர்கோன் அண்ணனின் கப்பல்

மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஏர்கோன் அண்ணன் சந்தேகப்படாத மனிதர் ஒருவர் இருந்தால், அவரை அண்ணன் இன்னும் சந்திக்கவில்லை என்று பொருள்.

ஏர்கோன், அதாவது ஏசி, பழுது பார்ப்பது அவர் தொழில். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் "எதுக்கு?" என்பார். ஒரு வீட்டில் ஏர்கோனைக் கழற்றினால், ஸ்குருக்களை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார். "நீங்களே வச்சிருங்க. அப்புறம் நான் எடுத்துக்கிட்டேன்னு பேச்சு வரக் கூடாது." திரும்ப மாட்டும்போது ஒன்று குறைந்துவிட்டால், வீட்டுக்காரரையே மேலும் கீழும் பார்ப்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஒருநாள், கடையை மூடவிருந்த புத்தகக் கடைக்காரர் ஒரு பெட்டியை இலவசமாகக் கொடுத்தார். சும்மா கொடுத்தால் அதில் ஏதோ இருக்க வேண்டும். என்ன சூழ்ச்சி என்று கண்டுபிடிக்க, உள்ளே இருந்த ஆங்கில விதிப்புத்தகத்தை அகராதியும் கையுமாகப் படித்தார். படித்து முடித்தபோது அதன்மேல் பைத்தியம் பிடித்திருந்தது.

அது ஒரு கதை விளையாட்டு. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒரு கப்பலில் இருக்கும் ஆட்கள். புயல் வந்தால் என்ன செய்வாய், கொள்ளையர் வந்தால் என்ன செய்வாய் என்று கதை சொல்பவர் கேட்பார். நாம் சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும். பெரிய எண் விழுந்தால் பிழைத்தோம். இதில் ஒரு விசேஷம், கப்பலில் ஒருவர் எதிரியின் உளவாளி. யாரென்று கதை சொல்பவருக்கும் அந்த உளவாளிக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணனுக்கென்றே செய்த விளையாட்டு.

இணையத்தில் தேடிப் பார்த்தேன். அதை விளையாடியதாகச் சொல்ல உலகத்தில் ஓர் ஆள் இல்லை. தயாரித்த கம்பெனியும் இல்லை. சொன்னதும் அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல சாமான், தம்பி. யாரோ வேணும்னே அமுக்கிட்டானுங்க லா."

ஞாயிறு மதியம் அவருடைய பட்டறையில் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். எண்ணெய்ப்பனை ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் நான். பாலர் பள்ளி நடத்தும் புஷ்பா டீச்சர். பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய். பாய்தான் கப்பலின் கேப்டன். அண்ணன் வைத்த சட்டப்படி, பழைய ஏர்கோனின் தண்ணீர்த் தட்டில்தான் பகடையை உருட்ட வேண்டும். சட்டைக் கையை மடித்திருக்க வேண்டும். விழுந்த பகடையை எல்லோரும் பார்த்த பிறகே தொடலாம். பகடையையும் அவர் விடவில்லை. உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு பக்கம் கனமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார்.

நாங்கள் அவரைச் சமாளித்துவிட்டோம். ஊரைத்தான் சமாளிக்க முடியவில்லை.

"கதவ சாத்திக்கிட்டு அங்க என்னதான் செய்றீங்க?" என்றாள் என் மனைவி.

"கப்பல் ஓட்டுறோம்."

"ஏர்கோன் கடையிலயா?"

அவள் அன்றிலிருந்து துவைக்கும் முன் என் சட்டைப் பைகளை நிதானமாகப் பார்த்தாள். டைரக்ட் செல்லிங் என்று சிலர் சொன்னார்கள். புது சாமியார் கூட்டம் என்றார்கள் சிலர். அண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பின்பக்கம் அழைத்துப்போய், 'நீ உளவாளி', 'நீ உளவாளி இல்லை' என்று காதில் சொல்வதைப் பக்கத்து முடிவெட்டும் கடைக்காரர் பார்த்திருந்தார். சுவரில் காதை வைத்துக் கேட்டவருக்குக் கிடைத்தது எண்கள் மட்டுமே. "பதினேழு", "நாலு". இரண்டையும் சேர்த்து லாட்டரியில் நம்பர் எடுத்தார். அது விழுந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு பட்டறை வாசலில் நம்பர் கேட்க வந்தவர்களின் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நின்றன. அதற்கடுத்த ஞாயிறு போலீஸ் வந்தது.

வந்த அதிகாரி, தட்டையும் பகடையையும் பார்த்துவிட்டு, இது ஜூடியா, சூதாட்டமா, பந்தயப் பணம் எங்கே என்று மலாயில் கேட்டார். அண்ணன் முதலில் போலீஸ் கார்டைக் காட்டச் சொன்னார். அதை வெளிச்சத்தில் பிடித்து, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புஷ்பா டீச்சர்தான் பொறுமையாக விளையாட்டை விளக்கினார். அதிகாரி எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே டீச்சரைக் கைகாட்டி, "இவங்கதான் உளவாளி" என்றார்.

டீச்சர்தான் உளவாளி.

அதிகாரி போய்விட்டார், வழக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. அண்ணனுக்குத்தான் அடுத்த மாதம் வரை சோறு இறங்கவில்லை. "எனக்கும் டீச்சருக்கும் மட்டும் தெரிஞ்சது அவனுக்கு எப்படித் தெரியும்? உள்ளேயிருந்து யாரோ சொல்லியிருக்கான், தம்பி" என்று என்னையே பார்த்தார்.

பிறகு காதர் பாய்க்கு நெஞ்சு வலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்றார்கள். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. மகன்கள் கெஞ்சினார்கள். மனைவி அழுதார். பாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "அறுத்தா எந்திரிக்க மாட்டேன். எனக்குத் தெரியும்."

பார்வை நேரத்தில் நாங்கள் போனோம். அண்ணன் சுகம் விசாரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாய், கப்பல் நடுக்கடல்ல நிக்குது. கேப்டன் நெஞ்சுல அம்பு. வைத்தியர் எடுக்கணும்னு சொல்றார். என்ன செய்றீங்க?"

பாய் மெல்லத் திரும்பினார்.

"எடுத்தா பொழைப்பானா?"

"பதினஞ்சுக்கு மேல விழணும்."

டீச்சர் சாப்பாட்டு டப்பாவின் மூடியை நீட்டினார். அண்ணன் கொடுத்த பகடையைப் பாய் உருட்டினார். பகடை மூடியில் பட்டுத் தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடியது. நான் குனிவதற்குள், மூட்டுவலிக்காரரான அண்ணன் தரையில் மண்டியிட்டுவிட்டார். எடுத்தார். யாருக்கும் காட்டாமல் பையில் போட்டுக்கொண்டார்.

"பத்தொம்பது."

நான் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தேன். தரையில் கிடந்தது மூன்று.

பாய் அவரையே பார்த்தார். "நெசமாவா, ஏர்கோன்?"

"என்னையா சந்தேகப்படுறீங்க?"

பாய் சிரித்தார். சிரிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை சம்மதித்தார்.

அறுவை சிகிச்சை நடந்த நேரம் முழுவதும் அண்ணன் கதவுக்கு எதிரே நின்றார். உள்ளே போன தாதியர் ஒவ்வொருவரிடமும், "கரெக்டான ஆளைத்தானே அறுக்கிறீங்க?" என்று கேட்டார். பாய் தேறி வீடு வந்ததும், "நெசமாவே அறுத்தானுங்களா? தழும்பைக் காட்டுங்க" என்றார். பாய் சட்டையைத் திறந்து காட்டினார். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

இப்போதும் ஞாயிறுதோறும் கப்பல் ஓடுகிறது. புதிதாக ஒருவரும் சேரவில்லை. சேர வந்த இரண்டு பேரை அண்ணனே கேள்வி கேட்டுத் துரத்திவிட்டார்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. சாயங்காலம் அவருடைய வேன் என் வீட்டு வாசலில் நின்றது.

"ஏன் வரல? என்ன மறைக்கிற?" என்றபடி உள்ளே வந்தவர், என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை போலும். இன்னொரு கையையும் வைத்துப் பார்த்தார். பிறகு வேனிலிருந்து கஞ்சி டப்பாவை எடுத்து வந்து மேசையில் வைத்து, நான் குடித்து முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.