சலைன் குரூப்புக்குக் கடலை மிட்டாய்

செம்பூரில் ஒரு கல்லூரியில் நான் மருந்தியல் பாடம் நடத்துகிறேன். அதற்கான பட்டம் வாங்குவதற்கு முன், எட்டு எலிகளுக்கு லஞ்சம் கொடுத்துப் பிடிபட்டவள் நான் என்பதை மாணவர்களிடம் இதுவரை சொன்னதில்லை. (அவர்களில் யாருக்கும் தமிழ் சரளமாகப் படிக்க வராது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

காஃபீன் எலியின் நடத்தையை எப்படி மாற்றுகிறது என்பதுதான் என் எம்.ஃபார்ம் ப்ராஜெக்ட். களைத்துவிட்டோம் என்று மூளைக்குச் சொல்ல அடினோசின் என்று ஒரு பொருள் உண்டு. அது உட்கார வேண்டிய இடத்தில், லோக்கல் ரயிலில் கைக்குட்டை போட்டு சீட் பிடிப்பவர் மாதிரி, காஃபீன் முந்தி உட்கார்ந்துகொள்ளும். களைப்புச் செய்தி போய்ச் சேராது, மூளையில் உற்சாகம் ஏற்றும் டோபமினுக்குக் கொண்டாட்டம், எலி ஓடும். எட்டு எலிகளுக்குக் காஃபீன் ஊசி. ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் எட்டுக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. இந்த இரண்டாவது கூட்டம்தான் சலைன் குரூப். ஊசி போட்டு, தரையில் கட்டம் வரைந்த பெட்டியில் விட்டு, எத்தனை கட்டம் தாண்டுகிறது என்று எண்ண வேண்டும். எண்ணத் தெரிந்த யாரும் செய்துவிடக்கூடிய வேலை.

தாராவியில் எங்கள் வீட்டில் அம்மா கடலை மிட்டாய் போட்டுக் கடைகளுக்கு அனுப்புவாள். ஒரு நாள் அவளிடம் என் ஆராய்ச்சியைப் பற்றிப் பெருமையடித்தேன்.

"ஊசியும் குத்திட்டு, உள்ள வெறும் உப்புத் தண்ணியா?" என்றாள்.

"அதாம்மா முறை."

"ஏட்டி, ஒனக்கு ஊசி போட்ட அன்னைக்கெல்லாம் ஒரு மிட்டாய் வாங்கித் தராம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேனா? வாயில்லா சீவன்லா அது."

மறுநாள் என் பையில் ஒரு டப்பா நிறைய மிட்டாய் உடைசல் இருந்தது. நான் யோசித்தேன் (அங்கேதான் தவறு ஆரம்பித்தது). காஃபீன் எலிகளுக்கு ஏற்கெனவே காபி உபசாரம் ஆகிவிட்டது. பாவம், சலைன் எலிகள்தான். பெட்டியில் ஓடி முடித்ததும் பை ஜிப்பைத் திறந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். மூன்று வாரம், தினமும்.

கணக்குப் பார்த்தால், சலைன் எலிகள் காஃபீன் எலிகளைவிட அதிகமாக ஓடியிருந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால், உப்புத் தண்ணீருக்கு இதுவரை யாரும் கவனிக்காத ஊக்கசக்தி இருப்பதாக அறிவித்தேன். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் வழிகாட்டியான மேடம் (மாட்டுங்காவிலிருந்து வருவதால் எங்களுக்கு மாட்டுங்கா மேடம்) மட்டும், "வா, போய்ப் பார்த்துடலாம்" என்று எலி அறைக்கு எல்லோரையும் அழைத்துப் போனார்.

ஒரு சலைன் எலியைப் பெட்டியில் விட்டேன். கையுறை எடுக்கப் பை ஜிப்பை இழுத்தேன். சர்ர்ரென்ற அந்தச் சத்தத்துக்குப் பெட்டிக்குள் இருந்தது பின்காலில் எழுந்து நின்றது. கூண்டுகளில் இருந்த மற்ற ஏழும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றன. பெட்டி எலி எகிறி என் துப்பட்டாவைப் பிடித்தது, பைக்குள் இறங்கியது, ஒரு துண்டு மிட்டாயோடு வெளியே வந்து, தேர்வாளரைப் பார்த்தபடி மேஜைமேல் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது.

ப்ராஜெக்டை ரத்து செய்ய வேண்டும் என்றார் தேர்வாளர். ரத்தானால் அந்த வருஷம் போகும், உதவித்தொகை நிற்கும், படிப்பு அத்தோடு சரி. எங்கள் சந்தில் எம்.ஃபார்ம் வரை வந்த முதல் ஆள் நான். எலிக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன்.

"தப்பு என்னோடது. நான் கூட இருந்து பார்த்திருக்கணும்," என்றார் மேடம் தேர்வாளரிடம். புது எலிகளுக்கு அனுமதி கேட்டு அவரே கடிதம் எழுதினார். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: "காஃபீனைப் பத்தி நீ ஒண்ணும் கண்டுபிடிக்கலை. ஆனா தின்பண்டம் வரப்போறதுன்னு தெரிஞ்சாலே மூளைல டோபமின் எப்படி ஏறும்னு நன்னா காட்டிட்டே. போய் அதைப் படி. நாளைலேர்ந்து பையை வெளியில வெச்சுட்டு வா."

இரண்டாவது முறை, விடுமுறை நாட்களிலும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டம் எண்ணினார். இந்தத் தடவை எலிகள் ஓட வேண்டியபடி ஓடின. தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு என் படிப்பைக் காப்பாற்ற அவருக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை. இன்று நான் வாங்கும் சம்பளம் அவர் போட்ட பிச்சை என்றே நினைக்கிறேன். (இதை நேரில் சொன்னால் திட்டுவார்.)

இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்தால், "ஏன், நாங்க சலைன் குரூப்பா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. என்னிடம் இந்தக் கதையைக் கேட்டு அதை ஆரம்பித்துவைத்தது என் கணவர்.

மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். சர்க்கரை வந்து, டாக்டர் இனிப்பே கூடாது என்றிருக்கிறார். ஆனாலும் தீபாவளிக்கு முன்னால் அம்மா அவருக்கென்று ஒரே ஒரு துண்டு கடலை மிட்டாயைத் தாளில் சுற்றி என்னிடம் கொடுத்துவிடுவாள். போன தடவை போனபோது மேடம் சோபாவில் சாய்ந்து, என் பேச்சைப் பாதிக் கண் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பை ஜிப்பை இழுத்தேன். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கட்டத்தை எண்ணிக்கோ," என்றார் மேடம்.