ஆறு மணிக்கு முன் அரபு பேசக் கூடாது

அலெக்சாந்திரியா,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய கொழுந்தனார் எட்மோன் அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மனைவி இவோன் எழுதுவது.

எனக்கு நிச்சயதார்த்தம் ஆகவில்லை. மொன்ரியாலில் உங்களிடம் யார் சொன்னார்களோ, அவர்களுக்கு இந்த வரியை இரண்டு முறை படித்துக் காட்டுங்கள். எழுபத்தொரு வயதில் நான் ஒரு மருந்துக்கடைக்காரர் கையால் மோதிரம் போட்டுக்கொண்டேன் என்பது பொய். அது மோதிரமே அல்ல. என் சாப்பாட்டறைத் திரைச்சீலையின் வளையம். மற்றபடி இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைய ஞாயிறுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். செவ்வாய்தோறும் நான்கரை முதல் ஆறு வரை என் சாப்பாட்டு மேசையில் நான்கு பேருக்குப் பிரெஞ்சு கற்பிக்கிறேன். இந்த வாரம், ஒரு தையற்காரியை மாவு வியாபாரி பெண் கேட்கும் ஐந்து பக்கக் கதை. அதில் பன்னிரண்டு புதிய சொற்கள். கன்னிமடத்துச் சகோதரிகள் எனக்குக் கற்பித்த முறைதான் என் முறை: அரபில் பொருள் சொல்லக் கூடாது, கையில் எடுத்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் நடித்துக் காட்ட வேண்டும். பாடம் முடியும்வரை யார் வாயிலும் அரபு வரக் கூடாது, என் வாயிலும்தான். குடை விரித்தேன், ஊசி கோத்தேன், பெருமூச்சு விட்டேன், எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒன்பதாவது சொல் நிச்சயதார்த்தம். வகுப்பில் ஆண் ஒருவர்தான்: மருந்துக்கடையை மகனிடம் விட்டுவிட்டு, லியோனில் இருக்கும் பேத்திகளோடு பேசுவதற்காகப் படிக்க வரும் டாக்டர் லபீப். மனைவியை இழந்தவர். அவரே மாவு வியாபாரி ஆகி வளையத்தை என் விரலில் மாட்டினார். “இது என்ன?” என்று நான் கேட்பதற்குள், தாதிப் பயிற்சி மாணவி தௌலத் உற்சாகம் தாங்காமல் குலவையிட்டாள். அவளைக் கண்டிக்கவும் வழியில்லை. குலவை அரபு அல்லவே.

ஆனால் சமையலறைச் சன்னல் திறந்திருந்தது. நம் கட்டடத்தில் குலவை கேட்டால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் பதில் குலவை, பிறகுதான் விசாரணை. எதிர்வீட்டு உம் சுப்ஹி பதில் கொடுத்தாள், நான்காம் மாடி கொடுத்தது, ஆறாம் மாடி கொடுத்தது, ஐந்தே நிமிடத்தில் உம் சுப்ஹி ரோஜா சர்பத் தட்டோடு என் கதவில் நின்றாள். வளையமோ என் விரல் மூட்டைத் தாண்டி வர மறுத்தது.

“ஏன் மாதாம், எதிர்வீட்டுக்காரிகிட்டக்கூடவா மறைப்பீங்க?”

அப்போது மணி ஐந்தே கால். விதி வைத்தவளே அதை மீறினால் வகுப்பில் யார் மதிப்பார்கள்? ஆகவே, இது வெறும் சொற்பயிற்சி என்று தெளிவான பிரெஞ்சில் சொன்னேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள்.

“பாருங்களேன், வெக்கத்துல பேச்சே வேற பாஷையில வருது! என்ன டாக்டர், ஊருக்கெல்லாம் மருந்து குடுத்துட்டு, நீங்க வைத்தியத்துக்கு இங்க வர்றீங்களா?”

டாக்டர் லபீபும் விதியை மதித்துப் பிரெஞ்சிலேயே மறுக்கப் பார்த்தார். அந்த நேரத்தில் அவருக்கு நினைவு வந்த ஒரே வாக்கியம், “நன்றி, மிகவும் மகிழ்ச்சி” என்பது. அதைக் கைகளை விரித்துச் சொன்னார். உம் சுப்ஹியின் பின்னால் கூடிவிட்ட மாடிக்காரர்கள் மறுபடி குலவையிட்டார்கள்.

ஆறு மணி அடித்ததும் அரபில் உண்மையைச் சொன்னேன். அதற்குள் சர்பத் தீர்ந்துவிட்டது.

“பாடமா? எங்க வீட்டுக்காரரும் கணக்குச் சொல்லித்தர்றேன்னுதான் வந்தாரு. இப்ப ஏழு புள்ளைங்க” என்றாள் உம் சுப்ஹி.

மறுநாள் காலை பங்குத்தந்தை பௌலோஸ் வந்தார்.

“ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க மாதாம். நிச்சயம்னா ஞாயித்துக்கிழமை பூசையில அறிவிச்சுடறேன். இல்லேன்னா குடும்பத்துல யாராவது கைப்பட எழுதித் தரட்டும். அதுவரைக்கும் நீங்க மாணவிகளுக்குக் குடுக்கற பிரெஞ்சுச் சான்றிதழ்ல கோவில் முத்திரை கிடையாது.”

“என் வார்த்தை போதாதா, ஃபாதர்?”

“உங்க வார்த்தை பிரெஞ்சுல இருந்துச்சாமே!”

முத்திரை இல்லாவிட்டால், மாதக் கடைசியில் சகோதரிகளின் மருத்துவமனையில் தௌலத்துக்குக் கிடைக்க இருக்கும் வேலை போய்விடும். இரண்டு வருடம் ஒரு வகுப்புக்கும் தவறாமல் வந்தவள் அவள். குலவைக்காக அவளுக்கு இத்தனை பெரிய தண்டனை கூடாது. உங்கள் குடும்பத்தில் மிச்சமிருக்கும் பெரியவர் நீங்கள் ஒருவர்தான். நிச்சயதார்த்தம் எதுவும் நடக்கவில்லை என்று ஃபாதருக்கு உடனே நான்கு வரி எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். பனியில் தொப்பியில்லாமல் வெளியே போகாதீர்கள். கடவுள் உங்கள் கால்களையும் பொறுமையையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
இவோன் சப்பாக்

பின்குறிப்பு: ஃபாதருக்கு இப்போது எழுத வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது டாக்டர் லபீப் வீட்டுப்பாடத்தோடு வந்தார். சொல்லுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். பதினொன்று சுமார் ரகம். ஒன்பதாவதான நிச்சயதார்த்த வாக்கியத்தில் மாவு வியாபாரி இல்லை. அவரும் நானும் இருந்தோம், அதுவும் கேள்வியாக. சிவப்பு மையைத் திறந்து மூன்று முறை படித்தேன். திருத்த எதுவும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன். என் பதில் எதுவானாலும் தௌலத்துக்கு முத்திரை கிடைக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். உங்கள் அண்ணன் போய்ப் பதினான்கு வருடமாகிறது. அவர் தம்பியாகிய உங்களுக்கு இதில் ஆட்சேபம் உண்டா? தொலைபேசி வேண்டாம், நீங்கள் கத்துகிறீர்கள். எழுத்தில் பதில் அனுப்புங்கள்.