தரையணில் வதமும் தோட்டாக்களின் சுயம்வரமும்

வாழ்க எல்ராய் ஹாக்ஸ்டாட்! அமெரிக்காவின் வட டக்கோட்டாச் சமவெளியில் நெடுங்காலம் கோதுமைக் கடல் உழுதவன். விதைக் கம்பெனி சும்மா கொடுத்த தொப்பியை மணிமுடியெனச் சூடி, தேவாலய வழிபாட்டுக்கும் ஈமச்சடங்குக்கும் மட்டுமே அதை இறக்கியவன். பனிப்புயலுக்கு அஞ்சாதவன், ஆலங்கட்டி மழைக்கு அஞ்சாதவன், சென்ற இலையுதிர்காலத்தில் மருத்துவர் தன் வலத்தோளைத் திறந்து பார்த்துத் தைத்து மூடிய நாள்முதல் சுடுகையில் தோளை இடிக்கும் துப்பாக்கியின் உதைக்கு மட்டும் ஓரளவு அஞ்சியவன், ஆயினும் அவ்வச்சத்தை மனைவிக்கும் மச்சானுக்கும் மறைத்துவைத்த மாண்பினன்! அத்தகைய அண்ணலின் புகழ் பாடப் புகுந்தோம். வெடிமருந்துக்கு அதிபதியான தெய்வம் எதுவோ அது எம் நாவில் வந்து, அதிகம் சத்தம் போடாமல், அமர்க.

அவனுக்கு வாய்த்த பகைவன் ஒரு தரையணில். ஒரு சாண் உடல், அதற்குள் ஒரு பேரரசனின் அகந்தை. பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்கைகளை மார்பில் கட்டி, வேலிக்கம்பம் போல் விறைத்து நின்று, பாரெல்லாம் தனக்கே பட்டா போட்டதென்று சீழ்க்கையடிக்கும் அந்தப் பழுப்புநிறப் பாதகன், மே மாதம் பிறந்ததும் வீட்டுக்கருகில் வேலியிட்டிருந்த சிறு மேய்ச்சல் கட்டத்தைத் தன் தலைநகராக்கி, வாயில்களும் சுரங்கங்களும் ஒற்றர் வழிகளும் அமைத்துக்கொண்டான். அக்கட்டத்தில்தான் பிளாசம் என்னும் செந்நிறப் பெட்டைக்குதிரை, ஹாக்ஸ்டாட் குலத்தரசி வெர்னாவின் கண்ணின்மணி, நிறைசூலியாய் அசைந்து அசைந்து நடந்துகொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமைக் காலை, ரூபார்ப் தண்டு போட்ட கேக்கை அறுத்துத் தட்டில் வைத்தபடி வெர்னா பிரகடனம் செய்தாள்.

"எல்ராய், இன்னிக்கு பிளாசம் கால் அந்தப் பொந்துக்குள்ள போயிட்டு வந்துச்சு. கொஞ்சம் தப்பியிருந்தா முறிஞ்சிருக்கும். சனிக்கிழமைக்குள்ள நீ அந்த அணிலைச் சுடல, நான் மெர்லைக் கூப்பிட்டுடுவேன்."

நம் தலைவன் கேக்குத் தட்டைத் தள்ளிவைத்தான்.

மெர்ல் என்பவன் வெர்னாவின் அண்ணன், அடுத்த நிலத்துக்காரன், எல்ராயின் வேலிக்கும் நிம்மதிக்கும் ஒருசேர எல்லை. அவனிடம் இருந்த துப்பாக்கியோ, ஒருமுறை வெடித்தால் கோழிகள் முட்டையிடுவதை மறுபரிசீலனை செய்யும் தன்மைத்து. சென்ற ஆண்டு எல்ராயின் தோள் கட்டுக்குள் கிடந்தபோது மெர்ல் வந்து இதே மேய்ச்சல் கட்டத்தில் அணிலொன்றைச் சுட்டான்; அணில் சிதறியது, பிளாசம் கம்பிவேலியைத் தாண்டி ஓடியது, குதிரையைத் தேடிப் பிடிக்கப் பொழுது சாய்ந்தது. குளிர்காலம் முழுவதும், ஊர் விவசாயிகள் கூடும் தானியக் கிடங்கின் காப்பி மேசையில் மெர்ல் அக்கதையைச் சொன்னான். அவன் சொன்ன கதையில் குதிரை வரவில்லை. "பாவம், மாப்ளயால முடியல" என்ற வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. இவ்வாண்டும் அவன் வந்தால் குட்டி போட இருக்கும் குதிரையின் கதி என்ன? இன்னொரு குளிர்காலம் முழுவதும் காப்பி குடிக்க இருக்கும் எல்ராயின் கதி என்ன?

ஆகவே, பகைவனை வீழ்த்தும் படைக்கலம் உதைக்கக் கூடாது, அலறக் கூடாது, இரண்டும் இன்றி அணிலை மட்டும் கொல்ல வேண்டும் என்று சிந்தித்த எல்ராய், அறிவுடையோர் சபையை நாடும் மன்னர் மரபையொட்டித் தானியக் கிடங்கின் காப்பி மேசைக்குச் சென்றான். அங்கே அமர்ந்தோர் எவர் காப்பிக்கு எவர் காசு கொடுப்பது என்பதைத் தோல்கிண்ணத்தில் பகடை குலுக்கித் தீர்மானிப்பது வழக்கம். உலகின் மற்ற விவகாரங்களைக் குலுக்காமலேயே தீர்மானிப்பார்கள். நம் தலைவன் செய்த பெரும்பிழை, எந்த அளவுத் தோட்டா ஆகும் என்ற கேள்வியை அங்கே வாய்விட்டுக் கேட்டதுதான்.

"பதினேழு! பதினேழை விட்டா வேற என்ன இருக்கு?" என்று முழங்கினார் பல்செட் கட்டிய முதியவர் ஓர்வில். "நேரா கோடு போட்ட மாதிரி போகும்."

"காத்து வந்தா உன் கோடு கனடாவுக்குப் போயிடும்," என்றான் மெர்ல். பிறகு எல்ராயின் பக்கம் முழு உடலையும் திருப்பினான். "ஏன் மாப்ளே, ஒரு அணிலுக்குப் போய் இம்புட்டு யோசனையா? சுடப் போறியா, இல்ல அதுக்குப் பொண்ணு பாக்கப் போறியா?"

"குதிரை சினையா இருக்கு மச்சான். சத்தம் ஆகாது."

"குதிரைக்குப் பஞ்சு வெச்சுக் காதை அடைச்சிடு. என்னைக் கூப்பிடு. ஒரே போடு."

மேசை சிரித்தது. பகடை உருண்டது. அன்றைய காப்பிக்கெல்லாம் எல்ராய்தான் காசு கொடுத்தான்.

வீடு திரும்பிய வீரன் சமையலறை மேசையின் பூப்போட்ட ரெக்சின் விரிப்பைத் துடைத்துச் சுயம்வர மண்டபம் ஆக்கினான். தோட்டாப் பெட்டிகள் திறந்தன, பெரும்பாலும் தத்தம் பருமனின் எண்ணையே பெயராய்ச் சூடிய, பித்தளைக் கவசம் பூண்ட அரசிளங்குமரர் ஒவ்வொருவராய் எழுந்து நின்றனர். முதலில் நின்றவன் இருநூற்று இருபத்து மூன்று: நீண்ட கழுத்தினன், படைமுகாம்களில் வளர்ந்தவன், வாய்திறந்தால் மாவட்டமே திரும்பிப் பார்க்கும் வம்பன். மெர்லின் துப்பாக்கிக் குலத்தவன் என்பதாலேயே அவன் சாய்த்துப் படுக்கவைக்கப்பட்டான். அடுத்து ஹார்னெட் என்னும் குளவிப்பெயரோன். எல்ராயின் தந்தை கையாண்ட பழம்பெரும் குடியினன், மென்னுதையன், பண்பாளன், ஆனால் பெட்டியில் எஞ்சியிருந்தது அவன் ஒருவனே, ஊர்க்கடையில் அவன் உறவினர் எவரும் இல்லை. மூன்றாமவன் பதினேழு, ஊசிமூஞ்சிச் சிறுவன். தோளைத் தொடமாட்டான், மெய்தான், ஆனால் ஒலியை முந்தி ஓடுவதால் சாட்டையைச் சொடுக்கியது போல் வானைக் கீறுவான். இறுதியில் இருபத்திரண்டு என்னும் இரட்டையர்: உருவில் ஒருவரே, ஒருவன் விரைவோன், மற்றவன் மெதுவோன். மெதுவோன் ஒலியை முந்த முயலாத அடக்கமுடையான். மெழுகு பூசிய ஈயத்தலை, துளிமருந்து, கிட்டத்தட்ட ஒரு பெருமூச்சு.

செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. குமரர்களை நிறுத்துவதும் கிடத்துவதும் எடைபோடுவதுமாய் எல்ராய் மெலிந்தான். சூப்புக் கிண்ணம் வைக்க மேசையில் இடமின்றி வெர்னா இரண்டு நாள் மடியில் வைத்துச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் பொறுமை தீர்ந்தது.

"இதெல்லாம் குதிரைக்காகத்தானா எல்ராய்?"

"பின்ன வேற யாருக்கு?"

"தோளுக்கோன்னு நெனச்சேன்."

"தோளுக்கு என்ன? தோளு நல்லா இருக்கு."

"அப்போ அந்த மேல் அலமாரியிலருந்து பெரிய அண்டாவை எடு."

தலைவன் இடக்கையால் எடுத்தான். அன்றே மெதுவோனுக்கு மாலை விழுந்தது.

சனிக்கிழமை விடிந்தது. வானம்பாடிகள் வேலிக்கம்பங்களில் பரணி பாட, காற்று தன் வழக்கத்துக்கு மாறாய் அடங்கி வழிவிட, எல்ராய் தொப்பியைத் தாழ்த்தி, தோளுக்கும் சட்டைக்கும் இடையே மடித்த துவாலை ஒன்றை (குளிருக்காகத்தான்) செருகி, வைக்கோல் கட்டின் பின்னே சிங்கம் போல் மண்டியிட்டான், மண்டியிடும்போது சிங்கம் எழுப்பாத ஒரு முனகலை எழுப்பினான். மேட்டு மண்ணை முதுகுக்கு வைத்து, தலைவாயிலில் நிமிர்ந்து நின்று டான்டிலியன் பூவைத் தின்றுகொண்டிருந்தான் பகைவன். பிளாசம் மறுமூலையில் புல் மேய்ந்தது. துப்பாக்கியின் தொலைநோக்கியில் சிலுவைக்கோடு அணிலின் மார்பில் படிந்தது. மூச்சு நின்றது. விரல் அசைந்தது.

சமையலறை அலமாரியை யாரோ மெல்லச் சாத்தியது போல் ஓர் ஒலி.

தோள் அறியவில்லை. குதிரை காதசைக்கவில்லை. எத்துணை மேலான தேர்வு! ஆனால் அணிலும் அறியவில்லை. மறுபடி சாத்தினான் அலமாரியை, மறுபடியும் சாத்தினான். தான் சுடப்படுவதை எதிரிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு எதுவும் அந்தத் தோட்டாவில் இல்லையாதலால், அவன் பூவை முடித்துவிட்டுத் தண்டைத் தொடங்கினான். குறி தவறியது ஏனெனில், அந்தத் தொலைநோக்கி விரைவோனுக்காக என்றோ திருத்தி வைக்கப்பட்டது. மெதுவோனோ போகும் வழியில் களைத்துத் தாழ்பவன். புதுத் தோட்டா என்றால் முதலில் காகிதத்தில் சுட்டுப் பார்க்க வேண்டும் என்பதை எல்ராய் தன் பிள்ளைகளுக்கெல்லாம் கற்பித்திருந்தான். ஒரு வாரம் முழுதும் தோட்டாவைத் தேர்ந்தவன், அச்செய்தியைத் துப்பாக்கிக்குச் சொல்ல மறந்தான்.

நான்காம் கணை தாழ்ந்து போய், குதிரைத் தொட்டிக்கு நீர் கொண்டுசெல்லப் புல்லில் கிடந்த ரப்பர் குழாயை, பகைவனின் காலடியிலேயே துளைத்தது.

எழுந்தது கங்கை! வெள்ளிக்கொடியாய் வானளாவி, வளைந்து விழுந்து, தலைவாயில் வழியே தலைநகருள் புகுந்து, கருவூலத்தையும் அந்தப்புரத்தையும் ஒருசேர நிறைத்தது. உள்ளே பாய்ந்து ஒளிந்த பேரரசன், ஈரப் பஞ்சு போல் மறுவாயிலில் வெளிப்பட்டு, தன் வாழ்நாளின் மிகக் கசப்பான சீழ்க்கையொன்றை அடித்துவிட்டு, கம்பிவேலியின் கீழ் நுழைந்து, மெர்லின் குதிரைமசால் வயலுள் குடிபெயர்ந்தான்.

சத்தமின்றி வந்த வெற்றிக்குச் சத்தத்தோடு வந்தது சோதனை. மெர்லின் பிக்கப் வண்டி புழுதி கிளப்பி வாசலில் நின்றது.

"என்ன மாப்ளே, சனிக்கிழமை ஆச்சே. சுட்டியா இல்லயா? ஒரு சத்தமும் கேக்கலியே!"

"கேக்காது மச்சான். அதுக்குத்தான் அந்தத் தோட்டா."

"அணில் எங்க?"

"இங்க இல்ல."

மெர்ல் மேய்ச்சல் கட்டத்தை நோட்டமிட்டான். குதிரை அமைதியாய் மேய்ந்தது. பொந்தில் எவரும் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து புல்லில் நின்றிருந்த தங்கையைப் பார்த்தான்.

"அங்க ஏன் வெர்னா சிலை மாதிரி நிக்கிற?"

"என் நெலம், நான் நிக்கிறேன். காப்பி இல்ல, கெளம்பு அண்ணா."

ரப்பர் பூட்ஸுக்குள் நீர் நிரம்பிக் கணுக்கால்வரை ஏறியும், குழாயின் துளைமேல் வைத்த காலை, அண்ணனின் வண்டி சாலைத் திருப்பத்தில் மறையும்வரை அந்த வீரமாதேவி எடுக்கவில்லை. எடுத்ததும் நீர் மீண்டும் எழுந்து, வெற்றித் திருமகனின் மணிமுடியை நனைத்துப் பட்டாபிஷேகம் செய்தது.

அன்று சாயங்காலம் எல்ராய் கடைக்குப் போய் ஒரு ரப்பர் குழாய் வாங்கி வந்தான்.