ஜேசிபி முன்னே, சாகச சைக்கிள் பின்னே

பரீட்சை என்றால் துளியும் பயப்படாத மனிதர்கள் உண்டு. நன்றாகப் படித்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கேள்வித்தாளைத் தாங்களே தயாரிப்பவர்கள். ஒசூரிலிருந்து சூளகிரி வரை கம்பெனி பஸ்களின் ஜன்னலோரங்களில், கழுத்தில் அடையாள அட்டையும் முகத்தில் அசையாத நம்பிக்கையுமாக இவர்களைத் தாராளமாகப் பார்க்கலாம்.

அசல் மாதிரி வேண்டுமென்றால் ஹரீஷ்குமாரைப் பாருங்கள். ஒசூர் சைக்கிள் கம்பெனி ஒன்றின் வடிவமைப்புத் தலைவர். கல், மணல், சேறு, வரப்பு எதுவானாலும் ஓடக்கூடிய சாகச சைக்கிள் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். ‘பாதை எதுவானால் என்ன?’ என்று விளம்பர வாசகம்கூடத் தயார். சைக்கிள்தான் பாக்கி.

அதைக் கரடுமுரடில் ஓட்டிப் பார்த்து, விழுந்து, எழுந்து, அறிக்கை கொடுப்பது பொறியாளர் மாதேஸ்வரியின் வேலை. சூளகிரிக்கு அப்பால் ஒரு கல்குவாரித் தடத்தில் ஓட்டிவிட்டு வந்தவர், முழங்கையில் ஒட்டியிருந்த ஜல்லியைத் தட்டிவிட்டபடி சொன்னார்:

“சார், கல்லுல எகிறி இறங்கினா ஹேண்டிலை இறுக்குற பிடி நழுவுது. ஹேண்டில் பெங்களூரைப் பாக்குது, சக்கரம் கிருஷ்ணகிரியைப் பாக்குது. நான் எந்த ஊருக்குப் போறது?”

சாதாரண மனிதர் பிடியைப் பார்த்திருப்பார். ஹரீஷ்குமார் பாதையைப் பார்த்தார்.

“அது லாரி போற தடம்மா. அங்க யாரு சைக்கிள் ஓட்டப் போறாங்க?”

குவாரித் தடம் சோதனையிலிருந்து நீங்கியது. அடுத்து பாரூர் வாய்க்கால் கரை. கரும்பு வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளத்தில் பிடி மறுபடி நழுவ, மாதேஸ்வரி வாய்க்காலுக்குள்ளிருந்து போன் செய்தார். “மழை ஈரத்துல ஓட்டினா எப்படிம்மா? அது நியாயமே இல்ல” என்று வாய்க்கால் கரையும் போயிற்று. போச்சம்பள்ளி மண் சாலையில் நழுவியபோது மழையும் இல்லை, லாரியும் இல்லை. ஆகவே குற்றம் மாதேஸ்வரியின் மணிக்கட்டில் இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

“அப்போ மிச்சம் நம்ம கம்பெனி வராண்டாதான் சார்.”

ஹரீஷ்குமார் சிரிக்கவில்லை. வராண்டாவில் டைல்ஸ் கொஞ்சம் வழுக்குமே என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அந்த சைக்கிள்மேல் அவருக்கு உயிர். போன் திரையில் முகப்புப் படமாக அதுதான் நிற்கும். மனைவி கவிப்ரியா உள்ளே ஏதோ ஒரு ஆல்பத்தில் இருப்பார். சனிக்கிழமை எம்.டி. பெங்களூரிலிருந்து வந்து, தானே ஓட்டிப் பார்ப்பதாக இருந்தது. பிடித்துவிட்டால் உற்பத்தி, இல்லாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா. பிடியை மாற்றுவதென்றால் புது வார்ப்பு அச்சு, அரை வருஷத் தாமதம். அவ்வளவு பொறுமை எம்.டி.க்குக் கிடையாது. ஆகவே கம்பெனிக்குப் பின்னால் பேருக்குச் சில குழிகளோடு கிடந்த மண் பாதையே எம்.டி.க்குப் போன தாளில் ‘கடும் நிலப்பரப்பு’ ஆயிற்று.

சனிக்கிழமை காலை ஹரீஷ்குமார் அங்கே போய்ப் பார்த்தார். அந்தக் குழிகளும் இல்லை. பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் நம் தொழிற்சாலைகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? மரத்துக்கு இடுப்பு வரை சுண்ணாம்பு, பழைய இரும்புக்குத் தார்ப்பாய், பாதையோரம் பிளீச்சிங் பவுடர் கோடு. நிர்வாக மேலாளர் மெஹபூப் பாஷா ஒரு படி மேலே போய், ஜேசிபி விட்டு நிரவி, தண்ணீர் தெளித்து, ரோலரும் ஓட்டியிருந்தார்.

“பாஷா பாய், குழியெல்லாம் எங்க?”

“மூடியாச்சு சார்! எம்.டி. வர்றப்போ குண்டும் குழியுமா இருந்தா நம்ம மானம் என்னாவறது?”

“ஐயோ பாய், அந்தக் குழிதான் டெஸ்டே!”

“அப்படிங்களா? ஜேசிபி இன்னும் கேட்டுலதான் நிக்குது. திரும்பத் தோண்டச் சொல்லட்டுங்களா?”

தோண்டுங்கள் என்று சொல்லத்தான் ஹரீஷ்குமார் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“வேணாம் பாய். நேரமாச்சு.”

எம்.டி. அப்போது அத்திப்பள்ளி நெரிசலில் நகர முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

“சார், பிடி நழுவறதை அவர்கிட்ட சொல்லிடலாமே?” என்றார் மாதேஸ்வரி.

“திங்கக்கிழமை பேசிக்கலாம்மா.”

எம்.டி. வந்தார், ஏறினார், ஒரு சுற்று போய்வந்தார். சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. “சென்னாகிதெ!” என்று கன்னடத்தில் கொண்டாடிவிட்டு, ஹரீஷ்குமாரைக் கட்டிப்பிடித்துத் தமிழுக்கு மாறினார்.

“இவ்வளவு மோசமான ரோட்டுல குலுங்கவே இல்லையே! அறிமுக விழாவுக்கு நடிகருங்க யாரும் வேணாம். செஞ்சவரே ஓட்டட்டும். ஹரீஷ், உங்க முதல் டெஸ்ட் பட்டியல்ல இருந்த மாதிரியே, நீங்க சூளகிரி குவாரியில ஆரம்பிச்சு பாரூர் வாய்க்கால் கரையில முடிக்கிறீங்க. டிவிக்காரங்க பின்னாலயே வருவாங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். முழங்கையில் கட்டுப் போட்டிருந்தவர் தட்டியதுதான் பலமாகக் கேட்டது. ஹரீஷ்குமாரின் நாக்கு முன்பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டது.

திங்கட்கிழமை மாதேஸ்வரி புதுப் பிடியின் வரைபடத்தோடு வந்து நின்றார். “இப்பவாவது மாத்திடலாமா சார்? விழா தள்ளிப்போகும். பல்லு மிஞ்சும்.”

ஹரீஷ்குமார் வரைபடத்தை வாங்கினார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு போனை எடுத்தார்.

“பாஷா பாய், அந்த ஜேசிபி பாரூர் வரைக்கும் வருமா?”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சர்க்கரைப் பரிசோதனைக்கு முந்தின வாரம் மட்டும் சோற்றைத் தொடாமல் இருந்து, ‘நார்மல்’ என்று வந்த தாளை வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டு, அன்று மாலையே மைசூர்பாகு டப்பாவைத் திறந்தவர் நீங்களாக இருக்க முடியாது. ஆனால் உங்கள் வாசலில் ஒரு மஞ்சள் வண்டி நிற்பது போலத் தெரிகிறது. வேலை முடிந்துவிட்டது என்றால் கொஞ்சம் அனுப்பிவையுங்கள். பாரூரில் ஒருவர் காத்திருக்கிறார்.