தொடர்கதையில் வரும் கோழை

மேற்குத் தாம்பரம்,
14-8-1969

மரியாதைக்குரிய மைத்துனர் லாசரஸ் அவர்களுக்கு சுந்தர்சிங் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் உங்கள் தங்கை தபீதாள் பரம சுகம். நான் சுகமில்லை. காய்ச்சல் அல்ல, தொடர்கதை.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் ஸ்வெட்டர் பின்னுவாள் என்றிருந்தேன். நாவல் எழுதிவிட்டாள். ஒரு பத்திரிகை அதை வாராவாரம் போட்டுக்கொண்டிருக்கிறது. யுத்த காலத்துக் காதல் கதை. நாற்பத்திரண்டாம் வருஷம், எஸ்தர் என்ற ஆசிரியை வெள்ளைக்காரனுக்கு எதிரான துண்டறிக்கைகளைப் பையில் மறைத்து ரயிலில் கொண்டுபோகிறாள், அவளைக் கட்டிக்கொள்ள இரண்டு பேர் போட்டி. ஒருவன் தியாகு, தந்திக் கம்பியை அறுக்கிற வீரன். மற்றவன் பொன்னையா, ஸ்டேஷனில் தந்திக் குமாஸ்தா, போலீஸ் தொப்பியைக் கண்டாலே மேசைக்கு அடியில் புகுந்து பேனாவைத் தேடுகிறவன். தாம்பரத்தில் முப்பது வருஷம் தந்திக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஊருக்கே தெரியும்.

மார்க்கெட்டுக்குப் போக முடியவில்லை. காய் விற்கும் கன்னியம்மாவுக்கு யாரோ வாரம் தவறாமல் படித்துக் காட்டுகிறார்கள். கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே, "அந்த தந்திக்காரனுக்கு இன்னாத்துக்கு சார் கண்ணாலம்? எலி மாதிரி பூந்துக்கினு கீறான்" என்றாள். காயை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், என் நாற்காலியில் அசரியா. எனக்கு முன்னாலேயே உங்கள் அப்பாவிடம் வந்து தபீதாளைப் பெண் கேட்ட அதே அசரியாதான், இப்போது சேலையூரில் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். தியாகு தானேதான் என்று முடிவு கட்டி, கதர் ஜிப்பா தைத்துக்கொண்டு, பத்திரிகை வரும் வெள்ளிக்கிழமைதோறும் வந்து, கம்பியை எந்தக் கையால் அறுத்தார் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு என் காபியையும் குடிக்கிறார். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து உங்கள் தங்கையிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்கத்தான் நான் காகிதமே வாங்கினேன்.

என்னை ஒரு இடத்தில் உட்காரவிடாதது வேறொன்று, மச்சான். யாரிடமும் சொல்லாதது. அந்த ஆகஸ்டில் ஒருநாள் செங்கற்பட்டிலிருந்து போலீஸ் தந்தி வந்தது. நாலு மணி வண்டியில் துண்டறிக்கைப் பை வருகிறது, தாம்பரத்தில் இறங்குகிறவர்களைச் சோதனை போடவும் என்று. அந்த வண்டியில் தினமும் பையோடு வருகிறவள் தபீதாள்; அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தந்தியை என் டிபன் கேரியரில் போட்டு மூடிவிட்டு, வண்டி வந்து, ஜனம் கலைந்து போன பிறகுதான் சப்-இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். தந்தியில் ஏன் ரசம் வாசனை வருகிறது என்று கேட்டார். பயந்தது உண்மை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நேரத்துக்குக் கொடுக்கவில்லையே! இருபத்தேழு வருஷமாக வாய் திறக்காததற்கு ஒரே காரணம்தான்: சர்க்கார் தந்தியை மறைத்தவன் என்று எவனாவது எழுதிப் போட்டால் பென்ஷன் என்னாவது?

இன்று காலை பொறுக்க முடியாமல் அடுக்களைக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியுமே. போர்ட்டர் குப்பன் மறுநாளே சொல்லிட்டாரு. அதனாலதான் அப்பாகிட்ட உங்களைத்தான் கட்டிக்குவேன்னு சொன்னேன்" என்றாள்.

பிறகு ஏன் என்னை மேசைக்கு அடியில் தள்ளினாய் என்று கேட்டேன்.

"வீரன்னு எழுதினா பென்ஷன் போயிடுமோன்னு பயப்படுவீங்க. அதான் பயந்தாங்கொள்ளின்னு எழுதினேன்."

அதற்குப் பிறகு எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஸ்டேஷன் வரை இரண்டு தடவை போய் வந்தேன். ஆகவே நீங்கள் வர வேண்டாம். கதை அதன் போக்கில் போகட்டும், தியாகுவை அசரியாவே வைத்துக்கொள்ளட்டும். என் பெண்டாட்டியை என் கையால் காப்பாற்றியவன் நான், எனக்கு அது போதும். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தமும். உங்கள் முழங்கால் வலியையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அன்புள்ள சுந்தர்சிங்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் தபீதாளுக்குப் படித்துக் காட்டினேன். எழுத்துப் பிழை இல்லை என்றாள். ஆனால் அன்று அவளுக்குக் காய்ச்சலாம், அந்த வண்டியில் வரவே இல்லையாம். பையைக் கொண்டுவந்தது அசரியாவாம். ஆக, நான் காப்பாற்றியது அசரியாவை. அவரிடம் இதைச் சொன்னாயா என்றேன். "உங்க பென்ஷனை நினைச்சுத்தான் சொல்லலை" என்றாள். பென்ஷன் போனால் போகட்டும், மச்சான். செருப்பை மாட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சேலையூருக்குக் கிளம்பிவிட்டேன்.