ஆட்டெலும்பு அம்மன்

பாரிஸ் லா சப்பலில் எலும்பண்ணையைப் போலப் பிடிவாதக்காரர் பிறந்ததில்லை. இனிப் பிறக்கவும் மாட்டார்.

எங்கள் சாப்பாட்டுக் கடையில் அவர் ஆட்டுக்கறி வைப்பார். நான் வெங்காயம் வெட்டுவேன். இலவசம் என்று ஒரு ஞாயிறு மியூசியத்துக்குப் போனவர், வேறு ஆளாகத் திரும்பினார். அங்கே கண்டது, இப்போது உலகத்தில் இல்லாத, உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த யானையின் தந்தத்தில் செதுக்கிய பெண் சிலையாம். கையளவு. பெரிய வயிறு, பெரிய இடுப்பு, முகம் கிடையாது. பல்லாயிரம் வருடப் பழசு.

"நானும் ஒண்டு செய்யப்போறன்."

"தந்தத்துக்கு எங்கை போவியள், அண்ணை?"

"கல்லிலையும் செய்திருக்கினம், எலும்பிலையும் செய்திருக்கினம், மண்ணிலை செய்து சுட்டும் இருக்கினம். கையிலை கிடைச்சதுதான்."

முதலில் மண். பணிஸ் ரொட்டி சுடும் போறணை அடுப்புக்குள் வைத்தார். வெடித்தது. அன்று பணிஸ் கடித்தவர்கள் எல்லோருக்கும் பல்லில் மண். அடுத்தது கல். இடுப்போடு உடைந்தது, முதலாளியின் நல்ல கத்தியும் உடைந்தது. பிறகு ஆட்டுத் தொடையெலும்பை அவித்து எடுத்தார். மாதக்கணக்கில் சுரண்டினார். மினுங்கியது.

காசு மேசையில் இருக்கும் ராணியக்கா அதைக் கண்டார். பொட்டு வைத்து, பூ வைத்து, சுவரில் இருந்த சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். முதலாளி தினமும் கும்பிட்டார்.

"அது எலும்பெண்டு முதலாளியிட்டைச் சொல்லுங்கோவன், அண்ணை."

"கேட்டால் சொல்லுவன்."

ஒரு வெள்ளிக்கிழமை. கடையில் சைவம் மட்டும். கற்பூரம் காட்டியபடி முதலாளி கேட்டார்.

"வடிவான அம்மன். என்னத்திலை செய்தது?"

"ஆட்டெலும்பு, முதலாளி."

கற்பூரத் தட்டு கீழே விழுந்தது. ராணியக்கா கை கழுவப் போனவர், கழுவிக்கொண்டே நின்றார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா! உதைக் குப்பையிலை போடு. இல்லாட்டி வேலையை விட்டுப் போ!" என்று முதலாளி கத்தினார்.

அடுத்த மாதம் எலும்பண்ணை பிரான்சில் இருப்பதற்கான வதிவிட அட்டை முடிகிறது. வேலை இல்லாமல் புதுப்பிக்க முடியாது.

"போட்டுவிடுங்கோ, அண்ணை," என்றேன்.

அவர் ஏப்ரனைக் கழற்றினார். சிலையின் பொட்டைத் துடைத்தார். சட்டைப்பையில் வைத்தார். போய்விட்டார்.

அதன்பிறகு வேறு ஆள் வைத்த ஆட்டுக்கறியை ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லை. ஒரு கிழமைதான். முதலாளியே என்னையும் கூட்டிக்கொண்டு புறநகர் பொண்டியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனார்.

"வா. ஆனால் சாமித்தட்டிலை அது வேண்டாம்."

"இறைச்சி வெட்டுற பலகைக்கு மேலை."

"வெள்ளிக்கிழமை?"

"அண்டைக்கு அவவுக்கு லீவு. என்னோடை வீட்டை நிப்பா."

அட்டையும் கிடைத்தது.

போன வருடம் அவர் துலூஸ் நகருக்கு, மகளிடம் போய்விட்டார். போகும்போது சிலையை என் கையில் வைத்தார். "லீவை மறந்திடாதை," என்றார்.

இப்போது வியாழன் பின்னேரங்களில் அவவை நான்தான் வில்லியே லே பெல்லில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். ரயிலில் சரியான நெரிசல். சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பேன்.