முடி முளைத்த கத்தரி

"எந்தச் செடியில பிடுங்கினனீர்?" சிவானந்தன் வாயில் வைத்த சோற்றை விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை.

"பல்கனியில நிண்டதுதான். ரெண்டே ரெண்டு காய். முடி முடியாய்க் கிடந்தது, சுரண்டிப்போட்டுப் பால்கறி வச்சனான்," என்றாள் மனைவி கனகேஸ்வரி.

கத்தரிக்காய் முற்றினால் கடைக்கு வரும் என்பார்கள். சிவானந்தனின் காய் முற்றுமுன்பே சட்டிக்கு வந்துவிட்டது.

கத்தரிப் பேரினம் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட சமுத்திரம். அதில் புதிதாக ஓர் இனத்தைக் காட்டினால் வேலை நிரந்தரம் என்று, சிவானந்தன் தற்காலிகமாக வேலைபார்க்கும் தாவரப் பகுதியின் தலைவர் யேசுரட்ணம் சொல்லியிருந்தார். அவரே அந்தக் கதிரைக்கு வந்தது, முன்னொரு காலத்தில் தான் கண்டுபிடித்த முடிக்கத்தரியால்தான். அதை அதற்குப் பிறகு எந்தக் காட்டிலும் ஒருவரும் காணவில்லை. அவ்வளவு அபூர்வமாம்! நாளை மத்தியானம் அவர் மனைவியோடு வெள்ளவத்தை வீட்டுக்குச் சாப்பிட வருகிறார், சிவானந்தன் புது இனமென்று வளர்க்கும் செடியைப் பார்க்க.

சிவானந்தன் சந்தைக்கு ஓடினான். இரண்டு வட்டுக்கத்தரிக்காய் வாங்கிவந்து காம்பில் நூலால் கட்டினான். காய்கள் மொட்டையாகப் பல்லிளித்தன. தன் மீசையில் பாதியை வெட்டிப் பசை தடவி ஒட்டினான். ஒரு காய்க்குத்தான் போதுமாக இருந்தது. மற்றப் பாதியும் போயிற்று. அந்தப் பாதியில் நரை அதிகம்.

"ஐயோ, மீசை எங்க?"

"கத்தரிக்குப் போயிட்டுது. பேசாமல் இரும்."

மறுநாள் யேசுரட்ணம் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். அவருடைய மழித்த முகம் பூரித்தது.

"சிவானந்தன்! இது ஒரு இனமில்லை, ரெண்டு! கருமுடி ஒண்டு, நரைமுடி ஒண்டு!"

"சேர், ஒரே செடியிலயெல்லே காய்ச்சிருக்கு?"

"உமக்குப் படிப்புக் காணாது. செடி ஒண்டெண்டால் இனமும் ஒண்டே? ஒண்டுக்கு என்ர பேர் வையும், மற்றதுக்கு அமைச்சரின்ர பேர். திங்கக்கிழமை ரெண்டு காயையும் லண்டனுக்கு அனுப்புவம்."

லண்டனில் ஸ்பிரிட்டில் ஊறப்போடுவார்கள். பசை கழலும், மீசை மிதக்கும், வேலையும் போகும். தண்ணீர் எடுக்கும் சாட்டில் சிவானந்தன் குசினிக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

பின்னாலேயே வந்தார் யேசுரட்ணத்தின் மனைவி புளோறன்ஸ். அவனுடைய மேலுதட்டை ஒருதரம் வடிவாக உற்றுப் பார்த்தார்.

"பயப்பிடாதேங்கோ தம்பி. ஸ்பிரிட்டுக்குக் கழராத பசை எதெண்டு அவரிட்டயே கேளுங்கோ. முதல் முடிக்கத்தரியையும் நான்தான் கறி வச்சனான். அண்டைக்குத்தான் அவரும் மீசையை எடுத்தவர்."